இருபத்தாறாம் கட்டில்

செண்பகராமன் ரஹ்மத்நிஷாவிடம் வேலை கற்கச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. ரஹ்மத்நிஷா அவரைவிடப் பதினைந்து வயதுக்குமேல் இளையவள். அவர் அவளை ‘மேடம்’ என்பார். அவள் ‘அண்ணாச்சி’ என்பாள். பாளையங்கோட்டையில் அந்தச் சின்ன அலுவலகத்தில் யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

தென்மாவட்ட ரத்த வங்கிகளில் எந்த ரத்தம் எங்கே இருக்கிறது என்று சொல்வது அவர்களுடைய சேவை. மருத்துவமனைகளும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் வைத்திருக்கும் செயலிகள் கேள்வி கேட்கும். சேவை பதில் சொல்லும். அந்தப் பதில் எப்படி வர வேண்டும் என்று நிரல் எழுதுபவர் செண்பகராமன்.

சுருக்கமாக எழுதுவார். ஒரு ரத்தப் பை எந்த வங்கியில் இருக்கிறது என்று கேட்டால் வங்கியின் எண்ணை மட்டும் தருவார். அந்த எண்ணை ஓர் இணைய முகவரியின் வாலில் ஒட்டிக் கேட்டால் வங்கியின் விவரம் வரும். எதன் வாலில் ஒட்டுவது என்பதைச் செயலிதான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வைகாசியில் அவர் முகவரிகளை மாவட்டவாரியாக ஒழுங்குபடுத்தினார். எல்லாருக்கும் மின்னஞ்சல் போட்டார். பழைய முகவரிகளை மூடினார்.

வள்ளியூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் அந்த மின்னஞ்சலை யாரும் படிக்கவில்லை. அங்கே பேச்சியம்மாள் என்ற பெண்ணுக்குப் பிரசவம் ஆகி ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அரிய வகை ரத்தம். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மாசானம் செயலியைத் தட்டினார். அது, வந்த வங்கி எண்ணைப் பழைய முகவரியின் வாலில் ஒட்டிக் கேட்டது. திரையில் ‘இல்லை’ என்று வந்தது.

முகவரி இல்லை என்பது அதற்குப் பொருள். ரத்தம் இல்லை என்று மாசானம் எடுத்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த வங்கிகளுக்கெல்லாம் வண்டியை விட்டார். ஒருவழியாக நாகர்கோவிலில் கிடைத்தது. அதற்குள் பேச்சியம்மாளின் சிறுநீரகம் அடிபட்டுவிட்டது. உயிர் தங்கியது. திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

செய்தி செண்பகராமனுக்கு வந்தது. ரஹ்மத்நிஷாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

“மேடம், நான் கொடுத்த எண் சரியானதுதான். அவங்க ஒட்டின இடம்தான் தப்பு. இது என் தப்பா?”



“அந்தப் பொண்ணைப் பார்த்துட்டு வாங்க அண்ணாச்சி.”

“எங்க இருக்கு?”

“இருபத்தாறு.”

“இருபத்தாறுன்னா?”

“கட்டில் எண். சரியான எண்தான். விசாரிச்சுட்டேன்.”

அவள் தன் வேலைக்குத் திரும்பினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் ஓர் இருபத்தாறு இருந்தது. முதலில் போனதில் கால் முறிந்த பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். இன்னொன்றில் காய்ச்சலில் அனத்தும் பையனும் அவன் தாயும். வாயிற்காவலர் ஒருவர், “அப்படி யாரும் இங்க இல்ல” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

பிரசவ வார்டு என்று தானாகவே ஊகித்து அங்கே போனார். இருபத்தாறில் வேறொரு பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். செண்பகராமன் கூசிப்போய்த் திரும்பினார்.

ஒரு நர்ஸ் வழிமறித்தாள். “யாரைப் பார்க்கணும்?”

“பேச்சியம்மாள்னு. வள்ளியூர்ப் பக்கம்.”

“அந்த அக்காவா? நேத்து இங்க இருந்தாங்க. கிட்னி வார்டுக்கு மாத்தியாச்சு. எதுத்த கட்டடம், மூணாவது மாடி. லிஃப்ட்டை விட்டு இறங்கினதும் அமலா சிஸ்டர் இருப்பாங்க. அவங்ககிட்டக் கேளுங்க.”

அமலா சிஸ்டர், “இப்ப உள்ள போக முடியாது சார்” என்றார். உடனே, “கண்ணாடி வழியா பார்க்கலாம். பேசணும்னா அவங்க தங்கச்சி அந்தப் பெஞ்சில இருக்கு” என்று கைகாட்டினார்.

கண்ணாடிக்கு அப்பால் இருபத்தாறாம் கட்டிலில் பேச்சியம்மாள் கண்மூடிக் கிடந்தாள். குழாய்களில் ரத்தம் வெளியே போய் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவருக்கு மகளாக இருக்கும் வயதுதான்.

பெஞ்சில் இருந்த தங்கை, துணியில் சுற்றிய குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“நீங்க யாரு?”

“ரத்தம் எங்க இருக்குன்னு சொல்ற இடத்துல வேலை பாக்கேன் தாயி.”

“அப்படியா? மாசானம் அண்ணனுக்கு அப்படி ஒரு இடம் இருக்கிறது தெரியாது போல. பாவம், ஊர் ஊரா அலைஞ்சாங்க.” அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. “கொஞ்சம் பிள்ளையைப் பிடிங்க. தண்ணி பிடிச்சுட்டு வந்திருதேன்.”

அவள் திரும்பி வரும்வரை செண்பகராமன் அசையாமல் நின்றார்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக அலுவலகம் வந்து பதில்களைத் திருத்தி எழுதினார். வெறும் எண்ணுக்குப் பதிலாக, அப்படியே தொட்டால் போய்ச் சேரும் முழு முகவரியை ஒரு சுட்டியாக வைத்தார். அதோடு கை நிற்கவில்லை. ரத்தம் கொடுத்தவரின் விவரத்துக்கு ஒரு சுட்டி, பரிசோதனை முடிவுக்கு ஒன்று, வங்கி ஊழியர்களுக்கு ஒன்று, மற்ற எல்லா வங்கிகளுக்கும் ஒவ்வொன்று.

ரஹ்மத்நிஷாவிடம் காட்டினார். “இனிமே யாரும் எதையும் ஒட்ட வேண்டாம் மேடம். எங்க வேணும்னாலும் போகலாம்.”

அவள் திரையைக் கீழே, கீழே, கீழே என்று நகர்த்தினாள்.

“மாசானம் ஒரு கையால ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கார். இன்னொரு கையால இதுல எதைத் தொடுவார்?”

செண்பகராமன் குனிந்து திரையில் தேடினார்.

“ரத்தம் கொடுத்தவர் வீட்டுக்கு அவர் ஏன் போகணும் அண்ணாச்சி?”

அவர் தன் இடத்துக்குத் திரும்பி மறுபடி எழுதினார். ஓட்டுநர் கேட்டால் வங்கிக்கு வழி, பையை ஒதுக்கி வைக்கச் சொல்ல ஒரு சுட்டி. ஏற்கெனவே ஒதுக்கிவிட்ட பை என்றால் அந்தச் சுட்டி இருக்காது; அதே ரத்தம் இருக்கும் அடுத்த வங்கி இருக்கும். பரிசோதனைச் சுட்டி மருத்துவருக்கு மட்டும். சாயங்காலம் மறுபடி காட்டினார். அவள் படித்துவிட்டுத் தலையசைத்தாள்.

அவர் போகாமல் நின்றார்.

“இன்னும் என்ன?”

“பழைய முகவரியைக் கேட்டு இன்னமும் செயலிகள் வந்துக்கிட்டே இருக்கு மேடம். அங்க இப்ப ஒண்ணும் கிடையாது. ‘இல்லை’ன்னுதான் பதில் போகுது. அது உண்மைதானே?”

“உண்மைதான்.”

“மாறினதை எல்லாருக்கும் சொல்லியும் ஆச்சு. அப்புறம் நாம செய்ய என்ன இருக்கு?”

ரஹ்மத்நிஷா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“குடி மாறினது நாமதானே அண்ணாச்சி? பழைய வாசல்ல ஒருத்தராவது வந்து நிக்கிற வரைக்கும், நாம இன்னும் மாறி முடிக்கல.”

செண்பகராமன் தன் இடத்துக்குப் போய், மூடிய முகவரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, புது இடத்துக்கு வழி எழுதத் தொடங்கினார்.