சோணை கையைப் பார்

கோணமேட்டுக்காரர்களைப் போலச் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொள் என்றால், அடுப்பின் முன்னால் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பார்கள். பால் பொங்கும். பொங்கி வழிந்து அடுப்பையும் அணைக்கும். அப்போதும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பொங்கிய பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே!

அந்த ஊரில் மருதை என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு மேலக்குறிச்சியிலிருந்து பெண் எடுத்திருந்தார்கள். பெண்ணின் பெயர் சிலம்பாயி. கோணமேடும் மேலக்குறிச்சியும் ஒரே ஏரித் தண்ணீரைத்தான் குடித்தன. இதை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்ல மாட்டாள். பெண்டாட்டி பேரைப் புருஷனும் சொல்ல மாட்டான். சிலம்பாயி "ஏங்க" என்பாள். மருதை "ஏ புள்ள" என்பான். வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான் என்பதால் இதில் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

குழப்பம் வியாழக்கிழமைச் சந்தையில் வந்தது. கருவாட்டுக் கடைக் கூட்டத்தில் சிலம்பாயி ஒரு பக்கமும் மருதை ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டார்கள். மருதை ஒரு உரலின் மேல் ஏறி நின்றுகொண்டு, "ஏ புள்ள!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

சந்தையிலிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ இல்ல. நீயும் இல்ல. நீ இல்லவே இல்ல" என்று மருதை ஒவ்வொருத்தியாகக் கழித்துக்கொண்டே வந்தான். கடைசியாகக் கழிக்கப்பட்டவள் விளக்குமாறு விற்கிறவள். அவள் கையில் சரக்கு தயாராக இருந்தது.

அடி வாங்கிக்கொண்டிருந்த புருஷனை சிலம்பாயியே வந்து கண்டுபிடித்தாள்.

"ஏங்க, என் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே?"

"கூப்பிட்டிருப்பேன் புள்ள. உன் பேரு..." என்று ஆரம்பித்த மருதை, வாயைத் திறந்தபடியே நின்றான். நெற்றியைத் தேய்த்தான். வானத்தைப் பார்த்தான். கல்யாணத்தன்று யாரோ சொன்ன ஞாபகம் இருந்தது. என்ன சொன்னார்கள் என்பதுதான் இல்லை.

சிலம்பாயி கூடையை இடுப்பில் ஏற்றினாள். "என் பேரைக் கையில பச்சை குத்திக்கிட்டு வாங்க. அப்பத்தான் உங்க வீட்டு வாசப்படியை மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டு, சந்தைத் திடலுக்கு அடுத்தாற்போல் இருந்த மேலக்குறிச்சிக்கு, அப்பன் வீட்டுக்கு நேராக நடந்துவிட்டாள்.

அவள் இல்லாத வீடு மருதைக்கு வீடாகவே இல்லை. அவள் வைத்துவிட்டுப் போன கருவாட்டுக் குழம்புச் சட்டியை வழித்து வழித்துச் சாப்பிட்டான். சட்டியும் காலியாயிற்று. சாயங்காலம் கோழிகளை அடைக்கக் கூப்பிட்டால் ஒன்றுகூட வரவில்லை. கோழிகளுக்கு அவள் குரல்தான் தெரியும். எப்படியாவது அவளைத் திரும்பக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, களத்துமேட்டுக்குப் போனான்.

அங்கே அவனுடைய இரண்டு சினேகிதர்கள் இருந்தார்கள். ஒருவர் தவசியண்ணன். ஊரிலேயே அதிகமாக யோசிக்கிறவர் என்று பெயர் எடுத்தவர். மற்றவன் பங்காளி சோணை. தவசியண்ணன் யோசித்துச் சொல்வதைச் செய்து முடிக்கிறவன் அவன்.

"பச்சை குத்திக்கிறதா? வீண் வேலை" என்றார் தவசியண்ணன். "சட்டைன்னா பிடிக்கலைன்னா கழட்டிப் போடலாம். பச்சையைக் கழட்ட முடியுமா?"

"கழட்ட முடியாதுங்கிறதுதாண்ணே அதுல விசேஷம்" என்றான் சோணை. "திருடன் வந்தா சட்டையை எடுத்துட்டுப் போவான். பச்சையை எப்படி எடுப்பான்? எங்க தாத்தா கையில தேள் குத்தியிருந்தாரு. சாகிற வரைக்கும் ஒரு தேளும் அவரைக் கொட்டினதில்ல."

"எப்படிச் செத்தாரு?"

"பாம்பு கடிச்சு."

"அப்ப பச்சை குத்தி என்ன பலன்?"

"பச்சை மேல தப்பில்லண்ணே. பாம்பையும் சேர்த்துக் குத்தாம விட்டாரு பாருங்க, அந்தக் கஞ்சத்தனம்தான் தப்பு."

தவசியண்ணன் இதை வெகுநேரம் யோசித்தார். "எங்க அத்தை கையில ஒரு மயில் இருந்துச்சு" என்றார். "குத்தினப்ப சின்ன மயில்தான். அத்தை குண்டாக ஆக மயிலும் பெருத்துப்போச்சு. ஒரு மணி தானியம் போட்டதில்ல. தானா வளந்துச்சு."

"பாத்தீங்களா! லாபம்தானே?"

"அவசரப்படாதே. வயசான காலத்துல அத்தை இளைச்சுப் போனா. மயில் காடை மாதிரி ஆயிருச்சு. வளத்த மயில் கண்ணு முன்னாடி காடையாகிறதைப் பாக்க யாருக்குடா மனசு வரும்?"

மூவரும் அந்த மயிலுக்காகக் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார்கள்.

"முடிவாச் சொல்லுங்க. குத்திக்கலாமா, வேணாமா?" என்றான் மருதை.

"குத்திக்கலாம். ஆனா வீண் வேலை" என்றார் தவசியண்ணன்.

"வீண் வேலைதான். ஆனா குத்திக்கணும்" என்றான் சோணை.

இரண்டு பேரும் ஒரே கருத்துக்கு வந்துவிட்டதில் மருதைக்குப் பெரிய நிம்மதி.

அடுத்த வியாழக்கிழமை மூவரும் சந்தைக்குப் போனார்கள். புளியமரத்தடியில் பச்சை குத்துகிற வீராயி, ஊசிகளையும் பச்சிலைச் சாற்றுக் கிண்ணத்தையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன குத்தணும்?"

"என் பொண்டாட்டி பேரு" என்று மருதை கையை நீட்டினான்.

"சரி, என்ன பேரு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் பச்சை குத்த வர்றேன்?"

வீராயி ஊசியைக் கீழே வைத்தாள். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

மருதை போக முடியாது. பேரோடுதான் வர வேண்டும் என்பது சிலம்பாயியின் கட்டளை. ஆகவே சோணையை அனுப்பினார்கள்.

"மருதை கேக்கச் சொன்னான்னு காட்டிக்காதே" என்றார் தவசியண்ணன். "பேரு காதுல விழுந்ததும் வேற பேச்சே பேசக்கூடாது. நேரா வீராயிகிட்ட ஓடி வந்து உடனே குத்தச் சொல்லு. கொஞ்சம் அசந்தாலும் பறந்துரும்."

சோணை மேலக்குறிச்சிக்குப் போய்ச் சிலம்பாயியின் முன்னால் நின்றான்.

"மதினி, உங்க பேரைக் கேட்டுட்டு வரும்படி மருதை என்னை அனுப்பவே இல்ல. உங்க பேரு என்ன?"

"அவரு அனுப்பலைன்னா சொல்றதுல என்ன இருக்கு? சிலம்பாயி" என்றாள் அவள்.

சோணை திரும்பி ஓடி வந்தபோது, மருதையும் தவசியண்ணனும் பணியாரம் சாப்பிடப் போயிருந்தார்கள். "சிலம்பாயி! உடனே குத்து!" என்றான் சோணை.

"யாரு கையில?" என்று கேட்டாள் வீராயி.

வேறு பேச்சுப் பேசக்கூடாது என்பது உத்தரவு. சோணை பேசவில்லை.

"சரி, கையை நீட்டு."

நீட்டு என்றால் நீட்ட வேண்டியதுதானே. நீட்டினான்.

"வேற எதையாவது நினைச்சுக்க. வலி தெரியாது" என்றாள் வீராயி. சோணை அப்படியே செய்தான். போன வருஷம் செவலைக் காளை தன்னை முட்டித் தூக்கி எறிந்ததை நினைத்துக்கொண்டான். அவன் போட்ட அலறல் பணியாரக் கடை வரைக்கும் கேட்டது.

மருதை ஓடி வந்தான். "பேரு கிடைச்சிருச்சா? என்ன பேரு?"

"கையில இருக்கு பங்காளி."

"வாயால சொல்லுடா."

"அது கைக்குப் போயிருச்சே. இன்னும் வாயில எப்படி இருக்கும்?"

மூன்று பேருக்குமே எழுத்து தெரியாது. வீராயியைக் கேட்கலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் சோணையின் கை வீங்கியிருந்தது மட்டும் மருதைக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் தன் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டான்.

தவசியண்ணன் யோசித்தார். "உன் வீட்டுக்காரி என்ன சொன்னா? கையில குத்திக்கிட்டு வரச் சொன்னா. யாரு கையிலன்னு சொன்னாளா?"

"சொல்லலியே."

"இது கையா, காலா?"

"கைதாண்ணே."

"பிறகென்ன, கிளம்பு."

சோணையின் கையைப் பூப்போலத் தாங்கிக்கொண்டு மூவரும் மேலக்குறிச்சிக்குப் போனார்கள். சிலம்பாயி கையைப் பார்த்தாள். அது யாருடைய கை என்று பார்த்தாள்.

"நான் உங்களைக் கட்டினேனா, இவரைக் கட்டினேனா?"

"என்னைத்தான்" என்றான் மருதை. "அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்ப உங்க கையில எழுத்து இருக்கணும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வரக்கூடாது!" கதவு சாத்தப்பட்டது.

சோணைக்கு அவன் வீட்டிலும் அதே கதிதான். அவன் பெண்டாட்டி பேச்சி, "யாரு பேருய்யா இது?" என்று கேட்டாள். சோணைக்குப் பொய் சொல்லத் தெரியாது. "மருதை பொண்டாட்டி பேரு" என்றான். "அந்த எழுத்து மறைஞ்ச பிறகு வீட்டுக்கு வா" என்று அங்கேயும் கதவு சாத்தப்பட்டது.

சோணை மருதையின் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். இரண்டு பேரும் கஞ்சி காய்ச்சினார்கள். அது பொங்குகிறதா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பசி பயத்தை ஜெயித்தது. அடுத்த வியாழக்கிழமை மருதை மறுபடியும் வீராயியின் முன்னால் உட்கார்ந்தான். "இவன் கையில இருக்கிறதைப் பாத்து அப்படியே என் கையில குத்து" என்றான்.

"நிறுத்து!" என்றார் தவசியண்ணன். "ஒரே பேரு ரெண்டு கையில இருந்தா ரெண்டு பொண்டாட்டின்னு ஆகிறாதா?"

மருதைக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பெண்டாட்டியைக் கண்டுபிடிக்கப் போயே விளக்குமாற்றால் அடி விழுந்திருந்தது. "அப்ப என்னண்ணே பண்றது?"

"பேரு எதுக்கு? பேரு இருக்கிற இடம் தெரிஞ்சாப் போதுமே. 'சோணை கையைப் பார்'னு குத்தச் சொல்லு."

வீராயி எழுத்துத் தெரிந்தவள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "ஊசியை ஏத்துறதுதான் என் வேலை. புத்தியை ஏத்துறது இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டு குத்த ஆரம்பித்தாள்.

மருதை கண்ணை மூடிக்கொண்டு கருவாட்டுக் குழம்பை நினைத்தான். வலி தெரியவில்லை. நாக்கில் தண்ணீர்தான் ஊறியது.

மேலக்குறிச்சியில் சிலம்பாயி அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கும் எழுத்து தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டே போனாள். போய்க்கொண்டே இருந்தது.

"ஏங்க, என் பேரு இம்புட்டு நீளமா?"

"பின்னே? அதான் எனக்கு மறந்து மறந்து போகுது."

சிலம்பாயிக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள். கோழிகள் எல்லாம் ஓடி வந்தன.

சோணைதான் பாக்கி. அதற்கடுத்த வியாழக்கிழமை பேச்சியே அவனை வீராயியிடம் இழுத்துக்கொண்டு போனாள். "குத்தினதை அழிக்க முடியாது, வேணும்னா மறைக்கலாம்" என்று வீராயி அந்தப் பேரின் மேலேயே பெரிய மயில் ஒன்றைக் குத்தினாள். எழுத்து இருந்த இடமே தெரியாமல் தோகை மூடிக்கொண்டது.

சோணை நல்ல மனசுக்காரன். நாளைக்குப் பேரைத் தேடி மருதை வந்தால் ஏமாந்து போவானே என்று கவலைப்பட்டான். மருதையின் கையில்தான் இப்போது எழுத்து இருக்கிறது. பெண்டாட்டியும் வந்துவிட்டாள். அப்படியானால் பேரும் அங்கேதானே போயிருக்க வேண்டும்?

"மயிலுக்குக் கீழே 'மருதை கையைப் பார்'னு குத்திரு" என்றான்.

"இது பொம்பளை பேரு இல்லையே?" என்று பேச்சி கேட்டாள்.

"சத்தியமா ஆம்பளை பேரு."

வீராயி ஒரு பெருமூச்சு விட்டு, ஊசியைக் கிண்ணத்தில் தோய்த்தாள்.

பொங்கலுக்கு முந்தின சந்தை. கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்துமாகத் திடலே தெரியாத கூட்டம். மருதையும் சிலம்பாயியும் மறுபடியும் பிரிந்துவிட்டார்கள். ஆனால் இந்தத் தடவை மருதை பதறவில்லை. உரல் மேலும் ஏறவில்லை. நிதானமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எழுத்துத் தெரிந்த வளையல்கடைக்காரரிடம் போய்க் கையை நீட்டினான்.

"சோணை கையைப் பார்" என்று அவர் படித்தார்.

மருதை அவரையும் கூட்டிக்கொண்டு சோணையைத் தேடி ஓடினான். கரும்புக் கடையில் சோணை அகப்பட்டான். வளையல்கடைக்காரர் அவன் கையைப் பார்த்தார். மயிலைப் பார்த்தார்.

"மருதை கையைப் பார்" என்று படித்தார்.

"எங்கய்யா அந்த மருதை?"

"நான்தாங்க" என்று மருதை கையை நீட்டினான்.

"சோணை கையைப் பார்."

சோணை நீட்டினான்.

"மருதை கையைப் பார்."

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. தவசியண்ணனும் வந்து சேர்ந்தார். "பச்சை குத்துறது வீண் வேலைன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க! ரெண்டு கையும் எம்புட்டுத் தெளிவா வழி சொல்லுது!" என்றான் சோணை. வளையல்கடைக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு தம் கடைக்கே போய்விட்டார். கூட்டத்தில் எழுத்துத் தெரிந்த மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து மாற்றி மாற்றிப் படிக்க ஆரம்பித்தார்கள்.

இதற்குள் கருவாடு வாங்கி முடித்த சிலம்பாயி கூடையோடு அந்தப் பக்கம் வந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒருத்தியிடம், "என்னக்கா கூட்டம்?" என்று கேட்டாள்.

"யாரோ ஒரு மனுஷனோட பொண்டாட்டியைக் காணோமாம். பேரைச் சொல்லிக் கூப்பிடலாம்னா, பேரையும் காணோமாம்."

"ஐயோ பாவம்!" என்றாள் சிலம்பாயி. கருவாட்டுக் கடைக் கூட்டத்தில் தான் தொலைந்து போன நாள் அவளுக்கு நினைவு வந்தது. கண் கலங்கிவிட்டது. கூடையை அங்கேயே வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்திலிருந்த உரலின் மேல் ஏறினாள்.

"ஏ புள்ள! ஏ புள்ள!" என்று சந்தையே அதிரக் கத்தினாள்.

பொழுது சாயும் வரை எல்லாரும் தேடினார்கள். சிலம்பாயிதான் எல்லாரையும்விட அதிகமாகத் தேடினாள். காணாமல் போனவள் கிடைக்கவே இல்லை. கடைசியில் மருதையும் சிலம்பாயியும் கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஒன்றாகவே வீட்டுக்கு நடந்தார்கள்.

ஏரிக்கரை வந்ததும் மருதை பெருமூச்சு விட்டான். "நாளைக்கும் வந்து தேடிப் பாக்கணும் புள்ள."

"வராம பின்னே?" என்றாள் சிலம்பாயி. "விடியுமுன்னாடியே கிளம்பிரலாங்க. வீட்டுல அவ புருஷன் சோத்துக்கு என்ன பண்றானோ, பாவம்!"