எடை திரும்பும் இடம்

“அம்மா, திரும்பி வந்துட்டு” என்றான் சொரிமுத்து.

உலகம்மை நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

“யாரு வந்தது?”

“எடை.”

“எத்தனை?”

“தொண்ணூத்தெட்டு.”

அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சமையல்காரன் மாசானத்தின் கை நின்றது.

“தொண்ணூத்தெட்டா? ஆனி மாசம் இடுப்புல வேட்டி நிக்கலைன்னு எங்கிட்ட கயிறு கேட்டீரே அண்ணாச்சி!”

சொல்லிவிட்டு அவனே சிரிக்கவில்லை.

சிரிக்கிற விஷயம் இல்லை. உலகம்மைக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருஷம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் டவுனுக்குப் பஸ் ஏறிப் போய், ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் படுத்து, ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வருவார். வயது நாற்பத்து மூன்று. மலையடிவாரத்தில் அவர் நடத்தும் மடம்தான் வீடு; அங்கே வருகிற எல்லாருக்கும் அவர் அம்மா. ரத்த சொந்தம் என்று யாரும் கிடையாது.

சொரிமுத்து அவரைவிட ஒன்பது வயது மூத்தவன். லாரி ஓட்டியவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் மடத்தில் சோறு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு உள்ளே வந்தான். சாப்பிட்டான். உட்கார்ந்தான். பிறகு எழுந்து போகவில்லை.

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய மாதம், பௌர்ணமி பூசைக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் அவன் எழுந்து நின்றான்.

“என் கிட்னி ரெண்டுல ஒண்ணை அம்மா எடுத்துக்கிடட்டும்.”

பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி அவன் காலில் விழுந்தாள். அன்றிலிருந்து அவன் பெயர் தியாகி அண்ணாச்சி.

ரத்தம் பொருந்தியது. அரசாங்கக் குழுவும் சம்மதித்தது. டாக்டர் மட்டும் அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நூத்தியெட்டு கிலோ இருக்கீங்க. எண்பத்தஞ்சுக்கு வாங்க. அதுக்கு மேல ஒரு கிலோ இருந்தாலும் நான் கத்தி வைக்க மாட்டேன்.”

அம்மாவுக்கும் உயிருக்கும் நடுவே இருபத்து மூன்று கிலோ நின்றது. அது சொரிமுத்துவின் இடுப்பில் இருந்தது.

“மூணு தடவை இறக்கிட்டேன். மூணு தடவையும் திரும்பி வந்துட்டு. இறக்குறதுகூட கஷ்டம் இல்லம்மா. இறக்கினதைக் காக்குறதுதான் முடியலை.”

“இறக்கி வச்ச மூட்டையை எவன்வே காவல் காப்பான்?”

“விளையாடாதீங்கம்மா. இந்த உடம்பை நான் எங்க கொண்டுபோய் எறிய?”

அம்மா தம்ளரை எடுத்தார். ஒரு நாளைக்கு அவருக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். ஒரு வாய் எடுத்து, நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு விழுங்கினார்.

“திரும்பி வருது, திரும்பி வருதுங்கீரு. எங்கேயிருந்து திரும்புது?”

“புரியலையே.”

“ஊருக்குப் போன ஆளு திரும்பி வந்தா, மதுரையிலேருந்தா மெட்ராஸ்லேருந்தான்னு கேக்க மாட்டோமா? அதைத்தான் கேக்கேன். பாத்துட்டு வந்து சொல்லும்.”

சொரிமுத்து மலைப்பாதையில் ஏறி, நாலாவது வளைவில் மூச்சு முட்டி, ஒரு பாறையில் உட்கார்ந்தான்.

இதே பாதையை முன்பு ஒரே மூச்சில் ஏறியிருக்கிறான்.

முதல் தடவை ஏழு மாதம். காலையில் கேப்பைக் கூழ். மத்தியானம் கொள்ளு ரசம். “இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று பாடிக்கொண்டே மாசானம் ஊற்றுவான். முழங்கால் இரண்டும் அழும். ஆனாலும் இறங்கியது. அப்புறம் தங்கச்சி மகள் கல்யாணம் வந்தது. தாய்மாமன் பந்தியில் கை நனைக்காமல் எழுந்தால் பெண் வீட்டுக்கு அவமானம் என்றார்கள். கை நனைத்தான். கை காயவே இல்லை.

இரண்டாம் தடவை காய்ச்சல். உடம்பு தேறட்டும் என்று பால், முட்டை, ரொட்டி. காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது. தேறுவது நாலு மாதம் நடந்தது.

மூன்றாம் தடவை வாய்கள். டீக்கடையில், பஸ்ஸில், முடி வெட்டும் நாற்காலியில்.

“என்ன அண்ணாச்சி, இப்படி இளைச்சுட்டீரு? சுகரா?”

“கன்னம் ஒட்டிப்போச்சே. கட்டி ஏதும் இருக்கான்னு பாத்தாகளா?”

சலூன் கண்ணாடியில் அவன் தன்னைப் பார்த்தான். செத்துப்போன அப்பாவின் முகம் தெரிந்தது. அங்கிருந்து நேராகப் பரோட்டாக் கடைக்குப் போனான்.

மறுநாள் அம்மாவிடம் வந்தான்.

“பரோட்டாக் கடையிலேருந்தும்மா.”

“கடை அங்கேயேதான் இருக்கு. அது எங்கேயும் போகலை, வரவும் இல்லை. வேற பாரும்.”

இரண்டு நாள் கழித்து வந்தான்.

“நாக்கிலேருந்து.”

அம்மா தன் நாக்கை நீட்டிக் காட்டினார். கோடைக் குளத்துத் தரை மாதிரி வெடித்திருந்தது.

“இதுவும் நாக்குதான். எந்நேரமும் ஒரு குடம் தண்ணி கேக்கு. கேக்குறதுதான் அதுக்கு வேலை. வேற பாரும்.”

அதற்கு அடுத்த நாள் அவன் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. விளக்குத் துடைக்கும்போது தலை சுற்றி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வெளியூர்ப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள்.

“நீங்கதானே அந்தத் தியாகி? பிள்ளை தலையில கை வையுங்கய்யா. நல்ல மனசுள்ள பிள்ளையா வளரட்டும்.”

“நான் இன்னும் ஒண்ணும் குடுக்கலைம்மா.”

“குடுக்கேன்னு சொன்னதே பெருசுய்யா. யாருக்கு மனசு வரும்?”

அவன் கை வைத்தான். குழந்தை அழுதது. அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவன் தூணுக்குப் பின்னால் போய், யாரும் பார்க்காமல், தன் வயிற்றில் ஓங்கி ஓங்கிக் குத்திக்கொண்டான்.

பிறகு அம்மா முன்னால் போய் உட்கார்ந்தான்.

“முன்வினையிலேருந்து வருதும்மா. வேற ஒண்ணும் தோணலை.”

“முன்வினையா வந்து எட்டுப் பரோட்டா தின்னுச்சு?”

அடுக்களையிலிருந்து மாசானம் குரல் கொடுத்தான்.

“சால்னாவும் ரெண்டு தடவை கேட்டு வாங்கிச்சாம்மா!”

அம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்க நேரமாயிற்று. நின்றதும், “அவருக்குக் கஞ்சி ஊத்து மாசானம். பட்டினி கிடக்குறவன் பக்கத்துல என்னால உக்கார முடியாது” என்றார்.

வெள்ளிக்கிழமை இருவரும் டவுனுக்குப் போனார்கள்.

டயாலிசிஸ் அறையில் எல்லாவற்றுக்கும் முன்னால் எடை பார்ப்பார்கள். நர்ஸ் பிரிசில்லா அம்மாவைக் கைப்பிடித்து மிஷினில் ஏற்றினாள்.

“அம்பத்தொண்ணு. மூணு கிலோ தண்ணி ஏறியிருக்கும்மா. எடுத்திருவோம்.”

மூன்று கிலோ. நாலு மணி நேரத்தில் இறங்கும். இரண்டு நாளில் திரும்ப ஏறும். மறுபடி வந்து படுத்து இறக்க வேண்டும். மூன்று வருஷமாக இப்படித்தான். இது ஏன் திரும்பி வருகிறது என்று அம்மா ஒருநாளும் யாரிடமும் கேட்டதில்லை.

அம்மாவின் இடது கையில் ஊசிகளைக் குத்திக் குழாயை மாட்டிவிட்டு, பிரிசில்லா சொரிமுத்துவிடம் வந்தாள். கையில் அவனுடைய அட்டை இருந்தது.

“ஏறுங்க அண்ணாச்சி.”

“இன்னைக்கு வேண்டாம் சிஸ்டர்.”

“மாசா மாசம் எழுதணும்லா? ஏறுங்க, மிஷின் கடிக்காது.”

ஏறினான். அவள் எண்ணைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

“தொண்ணூத்தெட்டு இருநூறு.” எழுதிக்கொண்டே அவள் தலையை ஆட்டினாள். “எனக்கு ஒண்ணு மட்டும் புரிய மாட்டேங்கு அண்ணாச்சி. எண்பத்தாறுல பஸ் ஸ்டாப் ஏதும் இருக்கா உங்களுக்கு?”

“என்ன சிஸ்டர்?”

“மூணு தடவையும் அங்க வந்து இறங்குதீங்க. எதிர்ப் பஸ்ஸைப் பிடிச்சுத் திரும்பிப் போயிருதீங்க.”

அட்டையைத் திருப்பி அவன் பக்கம் காட்டினாள்.

நூற்றெட்டில் தொடங்கி எண்கள் இறங்கிவந்தன. எண்பத்தாறு. பிறகு ஏறின. மறுபடி இறங்கின. எண்பத்தாறு. மறுபடி ஏறின. போன ஆனியில், எண்பத்தாறு.

அவன் விரலை வைத்து வைத்துப் பார்த்தான்.

கல்யாணம் எண்பத்தாறில் வந்தது.

காய்ச்சல் எண்பத்தாறில் வந்தது.

கண்ணாடியில் அப்பா எண்பத்தாறில் வந்தார்.

மூன்று தடவையும் டாக்டர் சிரித்த முகத்தோடு, “இன்னும் ஒரே கிலோ. தேதி குறிச்சிரலாமா?” என்று கேட்டிருந்தார். மூன்று தடவையும் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவனுக்குக் கை நடுங்கியது. பசி என்று நினைத்துக்கொண்டான்.

“என்ன அண்ணாச்சி, வேர்த்துக் கொட்டுது? உக்காருங்க” என்றாள் பிரிசில்லா.

அவன் உட்காரவில்லை. அம்மாவின் கட்டில் அருகே போய் நின்றான். குழாயில் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. அம்மா கண்ணை மூடியிருந்தார்.

“எண்பத்தாறிலேருந்து” என்றான்.

அம்மா கண்ணைத் திறந்தார்.

“அங்க என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லம்மா. அதுக்கு அடுத்தது எண்பத்தஞ்சு.”

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் குறட்டை விட்டார்.

சொரிமுத்து தரையில் உட்கார்ந்தான். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டான்.

“இருநூறு பேர் முன்னால சொல்லிட்டேன். சொன்னதுக்கு அப்புறம்… தெரியலைம்மா. சத்தியமா எனக்கே தெரியலை.”

“ஸ்டூல் இருக்கு. மேல உக்காரும். அது உம்மைத் தாங்கும்.”

“இன்னைக்கே ஆரம்பிக்கேன். ஆறு மாசம் குடுங்க. எண்பத்தஞ்சு என்ன, எண்பதுக்கே வாரேன். இந்தத் தடவை ஓட மாட்டேன்.”

“வேண்டாம்.”

“நம்புங்கம்மா.”

“நம்புதேன் அண்ணாச்சி. போன வாரமே டாக்டர் கையை விரிச்சிட்டாரு. என் நெஞ்சு ஆபரேஷனைத் தாங்காதாம். இனிமே எவரு கிட்னியும் எனக்கு ஆகாது. நீர் எண்பத்தஞ்சு இருந்தாலும் ஒண்ணுதான், நூத்தியெட்டு இருந்தாலும் ஒண்ணுதான்.”

அவன் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

“எண்பத்தாறு… உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?”

“ரெண்டாம் தடவையே தெரியும்.”

“தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? இந்தக் கேள்வியை அப்பவே கேட்டிருக்கலாமே! எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து கேக்கீங்களே!”

அம்மா குழாய் மாட்டாத கையை நீட்டி அவன் தலையில் வைத்தார்.

“அப்பவே கேட்டிருந்தா, நடுங்கிக்கிட்டே வந்து குடுத்திருப்பீரு.”