வேலம்மையின் மேல்தளம்

ஓடைக்கரை வேலமரத்தடியில் வேலம்மை என்ற முள்ளெலி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். வளை அல்ல, வீடு. நாலு சுவரையும் தன் கையாலேயே எழுப்பியிருந்தாள்.

முள்ளெலிக்கு எதற்கு வீடு என்று கேட்காதவர்கள் அந்தக் கரையில் இல்லை. வேலம்மை யாருக்கும் பதில் சொன்னதில்லை. போன மழைக்காலத்தில் அவளுடைய வளை சரிந்து விழுந்தது. உள்ளே மூன்று குட்டிகள் இருந்தன. இப்போது மறுபடியும் வயிறு கனத்திருந்தது. இந்த முறை பிறக்கிற குட்டிகளின் தலைக்கு மேல் சரியாத ஒன்று வேண்டும்.

மேல்தளம் மட்டும் பாக்கி. கையிருப்பு அறுபது இலந்தை வற்றல். தன் முள் ஒன்றைப் பிடுங்கி, வாசல் சுவரில் எல்லாரும் பார்க்கும்படி கணக்கைக் கீறினாள். பனை ஈர்க்குக்கு இருபது. களிமண்ணுக்குப் பதினைந்து. பூசுகிற குளவிக் கொத்தனாருக்குப் பத்து. ஈரத் தளத்தைத் தாங்கி நிற்கும் முட்டுக்குச்சிகள் அணிலுடையவை. நாளுக்கு ஒரு வற்றல் வாடகை, மூன்று நாளுக்கு மூன்று. மிச்சம் பன்னிரண்டுக்குத் தளத்தின் அடியில் மயிலிறகு பதிக்கலாம். தளம் போட்ட ஐந்தாம் நாள் புதுமனை புகுவிழா என்று கரை முழுக்கச் சொல்லியும் விட்டாள்.

கணக்கைப் பார்க்கவே கூட்டம் வந்தது. வேலம்மை பெருமையில் முள் சிலிர்க்க நின்றாள். பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த பெருச்சாளி பூதப்பன் அதை அப்படியே பார்த்துத் தன் சுவரில் எழுதிக்கொண்டான். இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் தளம் போட்டார்கள். வேலம்மை தானும் கொத்தனாரோடு சேர்ந்து மண் அப்பினாள்.

மூன்றாம் நாள் அணில் குச்சிகளைக் கேட்டு வந்தது. கொத்தனார் தளத்தைக் கீழிருந்து தட்டிப் பார்த்தார்.

"மேலே காஞ்சிருக்கு. வயிறு இன்னும் ஈரம். பதினைஞ்சு நாள் முட்டு நிக்கணும்."

"மூணு நாள்னு எழுதியிருக்கேனே, கொத்தனாரே?"

"எழுதினது சுவத்துல இருக்கும்மா. மண்ணு அதைப் படிக்கலை."

வேலம்மைக்கு அங்கேயே சுருண்டு பந்தாகிவிடலாம் போலிருந்தது. இத்தனை பேர் மெச்சிய கணக்கு அது. வயிற்றுக்குள் ஏதோ மெல்ல அசைந்தது. அவள் சுருளவில்லை. முள்ளை எடுத்து மூன்றை அடித்துப் பதினைந்து என்று எழுதினாள். மயிலிறகை முழுக்கவே அடித்தாள். பிறகு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, என் கணக்கு தப்பு. முட்டுக்குச்சியை எடுத்துடாதீங்க."

பூதப்பன் அதற்குள் குச்சிகளைப் பிடுங்கி வெளியே அடுக்கியிருந்தான். வாயில் ஒரு மயிலிறகு. "தப்புக் கணக்கு போட்டவ சொல்றதை நான் ஏம்மா கேக்கணும்?" என்றான்.

ஐந்தாம் நாள் விருந்தினர் வந்தார்கள். பூதப்பன் வீட்டில் அண்ணாந்து பார்த்து வாய் பிளந்தார்கள். வேலம்மை வீட்டில் குச்சிகளுக்கு நடுவே குனிந்து நுழைந்தார்கள். முயலின் காது ஒரு குச்சியில் சிக்கிக்கொண்டது. காட்டுக்குள்ளேயே இன்னொரு காடு வளர்த்திருக்கிறாள் என்று சிரித்தார்கள். வேலம்மையும் கூடச் சிரித்து வைத்தாள்.

ஏழாம் நாள் உச்சிவேளையில் தொப்பென்று ஒரு சத்தம். பூதப்பனின் தளம் மயிலிறகோடு தரையில் கிடந்தது. அவன் வாசலில் படுத்திருந்ததால் அடி வாலோடு போயிற்று. மண்ணை உதறிக்கொண்டு சண்டைக்கு வந்தான்.

"உன்னைப் பார்த்துத்தானே நானும் எழுதினேன்!"

"நான் எழுதினதைப் பார்த்தீங்க. அடிச்சதைப் பார்க்கலையே, அண்ணே."

அவன் வாலை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனான். ஆனாலும் பதினைந்தாம் நாள் வேலம்மை அவனைத்தான் கூப்பிட்டாள். இந்தக் கரையிலேயே கனமான ஆள் அவன்தான், தளத்தின் மேல் ஏறி உட்கார வேண்டும் என்றாள். கூட்டம் மறுபடி கூடியது. அவன் ஏறி உட்கார்ந்ததும், நிறைவயிற்றோடு அவள் தனியாக உள்ளே போனாள்.

நடுக்குச்சியை முதலில் எடுத்தாள். பிறகு ஒவ்வொன்றாக ஓரத்தை நோக்கி எடுத்தாள். கடைசிக் குச்சியும் வந்தது. தளம் ஒரு பொடி மண் கூட உதிர்க்கவில்லை. இறகு இல்லை, பூ இல்லை. வெறும் மண், அதில் அவள் கைத்தடங்கள். வேலம்மை அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேலேயிருந்து பூதப்பனின் குரல் வந்தது. "இறங்கலாமா, தாயி?"

"கொஞ்சம் இருங்க, அண்ணே. நான் இன்னும் பார்த்து முடிக்கலை."

மழை வந்தது, குட்டிகளும் வந்தன, நான்கு. வாசலில் அடித்துத் திருத்திய கணக்கை வேலம்மை பூசி மறைக்கவே இல்லை.

தன் பிழையைப் பலர் முன்னால் திருத்தத் துணிந்தவர் கட்டியதே நிலைத்து நிற்கும். அவர் கொள்ளும் பெருமையே நியாயமான பெருமை.