கொல்லைவாசலை அடைத்த எலும்புகள்

ஒரு காட்டில், கருவேல மரங்களுக்கு நடுவே, ஒரு மண்மேடு இருந்தது. அந்த மேட்டுக்குள் வளை தோண்டிக் குடியிருந்தாள் சடைச்சி என்ற முள்ளம்பன்றி.

சடைச்சிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. வெளியே போகும்போது வாசலில் புழுதியைப் பரப்பி, வாலால் மெழுகின மாதிரி தடவிவிட்டுத்தான் போவாள். திரும்பி வந்ததும் குனிந்து பார்ப்பாள். ஒரு வண்டு ஊர்ந்த தடம் தெரிந்தால் போதும். "எவன் வந்துட்டுப் போனான்?" என்று உள்ளே ஓடி, எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

தொட்டுப் பார்க்க அங்கே நிறைய இருந்தது. முள்ளம்பன்றிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், பிள்ளைகளே. அதைத் தேய்க்க எலும்பு கடிக்க வேண்டும். அதற்கு நாலு எலும்பு தாராளம். சடைச்சி நாற்பது வைத்திருந்தாள். அது போக ஓர் ஆமை ஓடு, காய்ந்த விளாங்காய் ஓடுகள், பாதி மயிலிறகு, தன் உடம்பிலிருந்து உதிர்ந்த பழைய முள் ஒரு கட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, கிளை கிளையாக ஒரு மான்கொம்பு.

அந்த வளைக்கு இரண்டு வாசல். முன்வாசல் அகலமானது. கொல்லைவாசல் சின்னது. சடைச்சியே முள்ளைப் படிய வைத்து, உடம்பைக் குறுக்கித்தான் அதில் போக முடியும். அது இலந்தைமுள் புதருக்குள் போய்த் திறக்கும். அந்தப் புதருக்குள் எந்தப் பெரிய மிருகமும் மூக்கை நீட்டாது. முன்வாசலில் ஆபத்து வந்தால் கொல்லைவாசல் வழியாக ஓடித் தப்பிக்கலாம். ஆனால் சாமான் சேரச் சேர, கொல்லைவாசல் பாதி மூடிப்போயிருந்தது.

சடைச்சிக்கு அப்போது வயிற்றில் குட்டி. நாள் நெருங்கிவிட்டது. பக்கத்துப் புற்றில் இருந்த கீரி அவளைப் பார்க்க வந்தாள். கீரிக்கு மனசில் ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசத் தெரியாது. எட்டிப் பார்த்ததுமே கேட்டுவிட்டாள்.

"ஏண்டி சடைச்சி, நீயே ஒருக்களிச்சுப் படுத்திருக்கே. இதுல குட்டியை எங்கடி போடுவே?"

"போடுவேன், போடுவேன். இடம் இருக்கு."

"எங்க இருக்கு? காட்டு பார்ப்போம். தள்ளு, நான் ஒதுங்க வெச்சுத் தர்றேன்."

கீரி உள்ளே நுழைந்து ஒரு விளாங்காய் ஓட்டைத் தூக்கினாள். "இது எதுக்கு?"

"மழை பெஞ்சா தண்ணி பிடிக்க."

"அடியில ஓட்டை இருக்கே."

"சின்ன ஓட்டைதானே அக்கா."

"சரி, இந்தப் பழைய முள்ளு?"

"அது என்னோடது."

"உன்னோடதுதான், இல்லேன்னு யார் சொன்னா? உதிர்ந்து போனதை மறுபடி ஒட்ட வெச்சுக்கப் போறியா?"

சடைச்சி முள்கட்டை வாங்கித் தன் வயிற்றுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். கீரி சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"ஆமா, கொல்லைவாசல் எங்கடி? போன கோடையில இந்தப் பக்கம் நல்லா வெளிச்சம் வந்துச்சே?"

சடைச்சிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. கொல்லைவாசலை இவள் ஏன் விசாரிக்கிறாள்? எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பார்க்கிறாளோ?

அதற்குள் கீரி ஆமை ஓட்டை வெளியே உருட்டிக்கொண்டு போனாள். சடைச்சி பின்னாலேயே போய்ப் பார்த்தாள். கீரி அந்த ஓட்டை ஒரு தரம் மோந்தாள். சும்மா மோந்தாள், அவ்வளவுதான். சடைச்சிக்கு அது போதாதா?

"வெச்சிடு அக்கா. உன் கண்ணு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா?"

கீரி திகைத்து நின்றாள். "இந்த ஓட்டை ஓட்டுக்கா நான் ஆசைப்படறேன்? நல்லா இருக்குடி! குட்டி பிறந்தா இதுக்குள்ள படுக்க வை, போ!"

கோபமாகப் போய்விட்டாள். சடைச்சி ஆமை ஓட்டை உள்ளே உருட்டி, முன்னே இருந்த இடத்திலேயே வைத்தாள். அப்புறம்தான் மூச்சு வந்தது.

மறுநாள் காலையில் ஒரு கழுதைப்புலி வந்தான். வாசலுக்குப் பத்தடி தள்ளியே நின்றான். வாயில் ஒரு பெரிய எலும்பு. அதைக் கீழே வைத்துவிட்டுப் பேசினான். அவன் பேச்சில் தேன் வடியும்.

"தங்கச்சி, நல்லா இருக்கியா? பிள்ளைத்தாச்சி ஆச்சே, கடிக்க ஆகும்னு கொண்டாந்தேன்."

சடைச்சியின் முட்கள் விறைத்தன. "எனக்கு எதுவும் வேண்டாம்."

"வேண்டாம்னா தூரப் போடு தாயி. நான் உள்ளே வரலையே, எதையும் தொடலையே. அந்தக் கீரி உன்னைப் பத்திக் கண்டபடி பேசிட்டுத் திரியறா. எனக்கு மனசு பொறுக்கலை. ஒருத்தி ஆசையாச் சேர்த்ததை வெளிய எறின்னு சொல்ல எப்படி வாய் வருது?"

சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

சடைச்சி வாசல் புழுதியைக் குனிந்து பார்த்தாள். அவன் காலடி ஒன்றுகூட இல்லை. உள்ளே போய் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். எதுவும் குறையவில்லை. குறைவது என்ன, ஒன்று கூடியிருந்தது!

அடுத்த நாளும் எலும்பு கொண்டுவந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான்.

"வாசல் பக்கம் போட்டு வைக்காதே தாயி. கீரி கண்ணு பட்டுடும். கொல்லைப் பக்கமா உள்ளே தள்ளி அடுக்கு. அங்கதான் பத்திரம்."

'இவன்தான் நம்மைப் புரிந்துகொண்டவன்' என்று சடைச்சி நினைத்தாள். 'எடுத்துக்கொண்டு போகிறவளை நம்பலாமா, கொண்டுவந்து கொடுக்கிறவனை நம்பலாமா?' அவன் சொன்னபடியே கொல்லைப் பக்கம் அடுக்கினாள். ஒரு வாரத்தில் எலும்பு கூரையைத் தொட்டது. கொல்லை வெளிச்சம் சுத்தமாக நின்றுபோனது. இருட்டிலேயே பொருளைத் தடவிப் பார்க்கவும் பழகிக்கொண்டாள்.

ஒரு நாள் விடிகாலையில் இரண்டு குட்டிகள் பிறந்தன. முதுகில் முள்ளா அது? நனைந்த அருகம்புல் மாதிரி மெத்தென்று இருந்தது. இடம் இல்லாததால், ஒரு குட்டியைக் கழுத்திலும் இன்னொன்றை வாலிலுமாக அணைத்துக்கொண்டு அவள் படுத்திருந்தாள்.

வழக்கம்போலக் கழுதைப்புலி வந்தான். இன்றைக்குப் பத்தடி தள்ளி நிற்கவில்லை. இரண்டடி தள்ளி நின்றான்.

"பிறந்துடுச்சா தாயி? வாசனை வருதே! எத்தனை?"

"ரெண்டு அண்ணே."

"ரெண்டா! மகராசியா இரு. முள்ளு கெட்டியாக எத்தனை நாளாகும்?"

"ஒரு வாரம் ஆகும்."

"ஆகட்டும், ஆகட்டும். நீ எப்போ மேயப் போறே? சொல்லிட்டுப் போ. வாசல்ல நான் காவல் இருக்கேன்."

"இதை உள்ளே வெச்சுட்டு வந்து சொல்றேன் அண்ணே" என்று அவன் கொண்டுவந்த எலும்பை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். பசி தாங்கவில்லை. எலும்பை அடுக்குவதற்கு முன்னால் ஒரு கடி கடித்தாள்.

எலும்பு மளுக்கென்று பிளந்தது. உள்ளே கொழுப்பு அப்படியே இருந்தது. மேலே ஒரு பல் தடம்கூட இல்லை.

சடைச்சி வாயில் வைத்ததை விழுங்கவில்லை.

கழுதைப்புலி எலும்பை விட்டுவைக்கிற பிராணியா? கொம்பு, குளம்பு எல்லாம் சேர்த்து நொறுக்கித் தின்னுமே! தன் வாய்க்குள் போக வேண்டியதை, பல்கூடப் படாமல், ஒரு வாரமாக எனக்குக் கொண்டுவந்து கொடுக்கிறான். எதற்கு?

அவள் திரும்பிக் கொல்லைப் பக்கம் பார்த்தாள். இத்தனை நாளும் என்ன குறைந்திருக்கிறது என்றுதான் பார்த்தாள். என்ன கூடியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். அங்கே வாசலே இல்லை. எலும்புச் சுவர்தான் இருந்தது. இனி வளைக்கு ஒரே வழி. அந்த வழியில் அவன் நிற்கிறான். எத்தனை குட்டி, முள் எப்போது கெட்டியாகும், நீ எப்போது வெளியே போவாய்... அவன் கேட்டது எல்லாம் ஒவ்வொன்றாக அவள் காதில் திரும்பக் கேட்டது.

குரலை நடுங்கவிடாமல் வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, இப்போ வெயில் ஏறிடுச்சு. பொழுது சாயறப்போ போறேன். அப்போ வாங்க."

"வராம இருப்பேனா தாயி?" கழுதைப்புலி உதட்டை நக்கிக்கொண்டு போனான்.

சடைச்சி எலும்புச் சுவரைப் பிடித்து இழுத்தாள். கடமுடவென்று சரிந்தது. இழுத்ததைப் போட உள்ளே இடம் இல்லை. முன்வாசல் வழியாகக் கொண்டு போனால் அவன் எங்கிருந்தாவது பார்த்துவிடுவான். என்ன செய்வாள்?

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், இலந்தைப் புதருக்குள்ளிருந்து, ஒரு குரல் கேட்டது.

"என்னடி உள்ளே சத்தம்? மலை சரியற மாதிரி என் புத்து வரைக்கும் கேட்குதே?"

கீரிதான்! சடைச்சி அப்படியே நின்றாள். இவள் ஏன் இந்த நேரத்தில் இங்கே வந்தாள்? இவளும் அவன் கூட்டாளியாக இருந்தால்? கடைசியில் மெல்லச் சொன்னாள்.

"அக்கா... எனக்கு ரெண்டு குட்டி பிறந்திருக்கு."

அந்தப் பக்கம் இலந்தைப் புதர் சரசரத்தது. சடைச்சி பயந்துபோனாள்.

பிறகு கீரி கேட்டாள். "நீ ஏதாச்சும் சாப்பிட்டியாடி?"

சடைச்சிக்கு அழுகை வந்துவிட்டது. கழுதைப்புலி வந்தது, எலும்பு கொண்டுவந்தது, இன்றைக்குப் பொழுது சாய வரப்போவது எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அழுதது போதும்" என்றாள் கீரி. "நீ உள்ளேயிருந்து தள்ளு. நான் வெளியேயிருந்து இழுக்கிறேன்."

எலும்புகள் போயின. விளாங்காய் ஓடுகள், ஆமை ஓடு, பழைய முள்கட்டு எல்லாம் போயின. மயிலிறகு போயிற்று. "இது வேணுமா?" என்று கீரி கேட்கவும் இல்லை, "வேணும்" என்று சடைச்சி சொல்லவும் இல்லை. உச்சி வெயில் தாண்டியது. கடைசியில் மான்கொம்பு வாசலின் குறுக்கே மாட்டிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை.

"கடிச்சுப் போடுடி!"

"இது மட்டும் வேண்டாம் அக்கா. இந்த மாதிரி இன்னொண்ணு கிடைக்காது."

"கிடைக்காதுதான். குட்டி மட்டும் இன்னொண்ணு கிடைச்சிடுமா?"

சடைச்சி கண்ணை மூடிக்கொண்டு கொம்பில் பல்லை வைத்தாள். கரகரவென்று கடித்தாள். கொம்பு இரண்டாக விழுந்தது. அந்தச் சந்து வழியாக வெளிச்சம் பளிச்சென்று உள்ளே பாய்ந்தது. குட்டிகள் கண்ணைச் சுருக்கின.

பொழுது சாய்ந்தது. கழுதைப்புலி வந்தான். சடைச்சி முன்வாசலில் நின்று உரக்கச் சொன்னாள்.

"போயிட்டு வர்றேன் அண்ணே! பிள்ளைங்க பத்திரம்!"

அது கீரிக்குக் கொடுத்த குரல். கீரி கொல்லைவாசல் வழியாக நுழைந்து, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விப் புதருக்குள் கொண்டு போனாள். சடைச்சி கருவேல மரத்தைச் சுற்றிக்கொண்டு போய், பின்னால் மறைந்து நின்றாள்.

கழுதைப்புலி தலையை உள்ளே விட்டான். தோளைக் குறுக்கினான். நெளிந்து நெளிந்து நுழைந்தான்.

"கண்ணுங்களா, மாமா வந்திருக்கேன்..."

உள்ளே ஒன்றும் இல்லை. பெருக்கிவிட்ட மாதிரி வெறும் தரை. கொல்லைவாசலில் வட்டமாக வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் கீரியின் முகம்.

"வாங்க மாமா! வீடு எப்படி இருக்கு? இப்போதான் ஒதுங்க வெச்சோம்."

கழுதைப்புலி பாய்ந்தான். கொல்லைவாசலில் மூக்கு மட்டும்தான் நுழைந்தது. அதில் கீரி ஒரு கடி வைத்தாள். ஐயோ என்று பின்வாங்கினான். அந்தக் குறுகலில் திரும்பவும் முடியவில்லை, காலை நீட்டித் தோண்டவும் முடியவில்லை. வாலை முன்னே விட்டு, பின்பக்கமாகவே வெளியே வரப் பார்த்தான்.

முன்வாசலில் சடைச்சி முதுகைக் காட்டி நின்றிருந்தாள். எல்லா முள்ளும் சிலிர்த்து நின்றது.

"அவசரப்படாதீங்க அண்ணே" என்றாள். "உங்களுக்கும் ஒரே வாசல்தான்."

சொல்லிவிட்டுப் பின்பக்கமாகவே ஒரே ஓட்டமாக ஓடி மோதினாள். முள்ளம்பன்றி அப்படித்தான் சண்டை போடும். கழுதைப்புலி போட்ட கூச்சலில் கருவேல மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. பின்பக்கம் முழுக்க முள்ளோடு அவன் அந்தக் காட்டை விட்டே ஓடினான்.

அடுத்த நாள் காலையில் கீரி ஒரு கிழங்கைக் கவ்விக்கொண்டு வந்தாள். குட்டிகள் இரண்டும் காலியான தரையில் ஒன்றை ஒன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. சடைச்சி கிழங்கை மோந்தாள். புரட்டிப் பார்த்து மறுபடியும் மோந்தாள்.

"இது எதுக்கு அக்கா?"

"திங்கத்தாண்டி."

சடைச்சி கிழங்கை இரண்டாகக் கடித்து, ஒரு பாதியைக் கீரி பக்கம் தள்ளினாள். "நீ முதல்ல தின்னு, பார்ப்போம்."

கீரி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே தின்றாள். அவள் விழுங்கி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு, சடைச்சியும் தின்றாள்.

நீதி: வீட்டிலிருந்து எடுத்துப் போகிறவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருந்தால் போதாது, வீட்டுக்குள் கொண்டுவந்து குவிக்கிறவர்களிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.