எறும்புத்தின்னி சொல்ல மறுத்தது

காட்டுக் குளம் வற்றிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு பாறை. அதன்மேல் நரி உட்கார்ந்திருந்தது.

தண்ணீர் குடிக்க வரும் மிருகம் எதுவானாலும், முதலில் அந்தப் பாறை முன்னால் நின்று தன் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். நரி தலையசைத்த பிறகுதான் குடிக்கலாம். "அடக்கம் இருக்கிறவங்களுக்குத்தான் தண்ணி!" என்று போன கோடையில் நரி கொண்டுவந்த வழக்கம் அது. மீறுகிறவர்களைக் கடித்து விரட்ட அதன் கூட்டாளி கழுதைப்புலி இருந்தது. அவை இரண்டு மட்டும் எதையும் சொல்வதில்லை. விடிந்ததும் தெளிந்த தண்ணீரை அவை குடித்துவிடும். மற்றவர்களுக்குக் கலங்கல்.

அன்று வரிசையில், உடம்பெல்லாம் கெட்டிச் செதில் போர்த்த ஓர் எறும்புத்தின்னி நின்றது. அதன் வம்சத்தில் யாரும் இந்தக் குளத்துக்கு வந்ததில்லை. மலையிடுக்கில் கசியும் ஊற்றை நக்கிப் பிழைத்த குடும்பம். அந்த ஊற்று வற்றி மூன்று நாள் ஆகிவிட்டது. வாலின்மேல் குட்டி தொற்றிக்கொண்டிருந்தது. தாய்க்குத் தண்ணீர் இல்லாததால் குட்டிக்குப் பால் இல்லை.

என்ன சொல்வது? குளத்து வழக்கத்தைக் கேள்விப்பட்டிருந்த அது, வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. தப்பாகச் சொல்லிவிட்டால்? குரலே வராமல் போய்விட்டால்?

அதற்கு முன்னால் முயல் நின்றது.

"நான் கோழை, சாமி! என் நிழலைப் பார்த்தே ஓடுவேன்!"

கழுதைப்புலி விழுந்து விழுந்து சிரித்தது. நரி தலையசைத்தது. முயல் குனிந்தபடியே போய்க் குடித்துவிட்டுக் கரையோரம் ஒதுங்கியது.

"அடுத்தது யாரு? அன்னாசிப் பழத்துக்குக் கால் முளைச்ச மாதிரி!" என்றது நரி.

எறும்புத்தின்னி முன்னே வந்தது.

"எனக்குக் கண் பார்வை மங்கல். வாயில பல்லும் கிடையாது."

"ப்பூ! இது பார்த்தாலே தெரியுதே! 'நான் எதுக்கும் உதவாதவ'ன்னு சொல்லு!"

எறும்புத்தின்னி யோசித்தது. உண்மையாகவே யோசித்தது. முன்னங்காலின் இந்த நகங்களால்தான் அது இறுகிய புற்றைப் பிளந்து இரை தேடியது. இதே நகங்களால்தான் குட்டிக்கு வளை தோண்டியது.

"அது உண்மை இல்லையே" என்றது.

நரி பாறைமேல் எழுந்து நின்றது.

"என்ன சொன்ன?"

"குறை கேட்டீங்க, சொன்னேன். இப்பப் பொய்யைக் கேக்கறீங்க. அது என் வாயில வராது!"

"தலைக்கனத்தைப் பாரு!" என்று உறுமியது கழுதைப்புலி.

முயல் பதறியது. "அக்கா, சொல்லிட்டுக் குடியேன்! ஒரு வார்த்தைதானே? நான் ஒரு வருஷமா சொல்லலையா?"

"சரி தம்பி, நீ கோழைன்னு இப்ப நீயே நம்பறியா இல்லையா?"

முயல் காதுகளை மடித்துக்கொண்டு இன்னும் குறுகி உட்கார்ந்தது.

வாலில் குட்டி அசைந்தது. அதுவும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"பார்வை மங்கினவளுக்குத் தாகம் எடுக்காதா? நான் குடிக்கப் போறேன்!" என்று எறும்புத்தின்னி தண்ணீரை நோக்கி நடந்தது.

"பிடி அவளை!"

கழுதைப்புலி பாய்ந்தது. எறும்புத்தின்னி குட்டியை வயிற்றோடு அணைத்துப் பந்தாகச் சுருண்டது. பயந்துதான் சுருண்டது. ஆனால் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை.

கடக்!

செதிலைக் கடித்த வேகத்தில் கழுதைப்புலியின் முன்பல் உடைந்தது. "ஐயோ, என் பல்லு!" என்று ஊளையிட்டுக்கொண்டு அது புதருக்குள் ஓடியது.

எறும்புத்தின்னி மெல்ல விரிந்தது. எல்லோரும் பார்க்க, நீண்ட நாக்கை நீட்டி, அவசரப்படாமல் வயிறு நிறையக் குடித்தது.

"சொல்லாமலே குடிக்கிறா! யாரும் கேக்க மாட்டீங்களா?" என்று நரி கத்தியது.

யாரும் கேட்கவில்லை. வரிசையில் நின்ற காட்டுப்பன்றி நரியை ஒரு பார்வை பார்த்தது. பாறையைச் சுற்றிக்கொண்டு நேராகத் தண்ணீரில் இறங்கியது. அதன் பின்னால் மான் இறங்கியது. பிறகு வரிசை என்று ஒன்று அங்கே இல்லை. நரி தொண்டை கட்டும்வரை கத்திவிட்டுப் பாறையிலிருந்து இறங்கிப் போனது.

கரையோர நிழலில் எறும்புத்தின்னி மல்லாந்து படுத்தது. குட்டி முட்டி முட்டிப் பால் குடித்தது.

உள்ள குறையை ஒப்புக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். இல்லாத இழிவை மட்டும், யார் மிரட்டினாலும், நம் வாயால் சொல்லக் கூடாது.