ஒரு ஸ்பூன் குறைவு

"அம்மா, நேத்து வந்தவளுக்கு வெள்ளிச் சாமான். எனக்கு மட்டும் காலம் பூரா அடுப்படியா?"

மலை மேல் இருந்த அந்த மடத்தில் சமையல் முழுக்க விசாலத்தின் கைதான். கேட்ட தினுசிலேயே வயிறு எரிவது தெரிந்தது.

எந்தக் காலத்திலோ ஒரு எஸ்டேட் துரைசாணி மடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போன டீ சாமான் அது. கூஜா, பால் குவளை, காம்பில் கொடி செதுக்கிய குட்டி ஸ்பூன்கள், எல்லாம் வெள்ளி. விருந்தாளிகளுக்கு அதில்தான் டீ. அந்தப் பொறுப்பை மடத்தின் தலைவி குருவம்மா புதிதாகச் சேர்ந்த தில்லையரசியிடம் கொடுத்திருந்தார்.

"உனக்கு அது வேணுமா?"

"எனக்கு வேணும்னு கேக்கல. அவளுக்கு எதுக்குன்னுதான் கேக்கறேன்."

குருவம்மா சிரித்தார்.

மறுநாள் காலை ஒரு ஸ்பூனைக் காணோம். எப்படிக் கிடைக்கும்? விசாலம் அதைப் பெருங்காய டப்பாவுக்குள் போட்டு மூடியிருந்தாள். அந்த டப்பாவை வேறு யாரும் தொட மாட்டார்கள்.

தில்லையரசி மூலை முடுக்கெல்லாம் தேடினாள்.

"என் பொறுப்புல இருந்தது, அம்மா. தொலைச்சது நான்தான். சாயங்கால பஸ்ஸுக்கு ஊருக்குப் போயிடறேன்."

"விருந்தாளிங்க வர்றாங்க. டீ குடிச்சிட்டுப் போ," என்றார் குருவம்மா. "விசாலம் கொடுப்பா."

விசாலத்துக்குத் தலைகால் புரியவில்லை. சாமான்களைத் தட்டில் பரப்பிப் பார்த்தாள். ஒரு ஸ்பூன் குறைந்தது. தன் கையால் கொடுக்கும் முதல் டீயில் குறை இருக்கலாமா?

டப்பாவைத் திறந்தாள். பெருங்காயம் பட்டு ஸ்பூன் கன்னங்கரேல் என்று கிடந்தது. திருநீறு போட்டுத் தேய்த்தாள். மற்றதைவிடப் பளபளத்தது. அதைக் குருவம்மாவின் கோப்பையில் போட்டாள்.

"அலமாரிக்கு அடியில கிடந்துச்சு, அம்மா."

குருவம்மா கலக்கினார். ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் நிறுத்தினார். பிறகு விருந்தாளிகளோடு பேசியபடியே கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார்.

அவர்கள் போனதும் அதே கோப்பையில் டீ ஊற்றி, அதே ஸ்பூனால் கலக்கி நீட்டினார்.

"நீயும் குடி, விசாலம்."

கோப்பை வாய்க்கு வருமுன்பே பெருங்காயம் மூக்கில் ஏறியது. காம்பில் செதுக்கிய கொடியெல்லாம் அந்த வாடைதான். விசாலத்தால் விழுங்க முடியவில்லை.

வாசலில் தில்லையரசி பையோடு நின்றாள்.

"நீ போக வேண்டாம்," என்று அவளிடம் சொன்னார் குருவம்மா. "ஸ்பூன் கிடைச்சிடுச்சு."

பிறகு விசாலத்தைப் பார்த்தார்.

"இனிமே தினமும் நீயே டீ கொண்டு வா. எனக்கு இந்த ஸ்பூனையே போடு."