வாயை மூடிக்கொண்ட ஆள்காட்டி

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், ஒரு சரளைமேடு இருந்தது. மரம் கிடையாது, புதர் கிடையாது, எங்கே பார்த்தாலும் கூழாங்கல். அங்கேதான் மஞ்சக்காலி என்ற ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தாள். இவ்வளவு பெரிய காட்டில் வேறு இடமே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. ஆள்காட்டிக்குக் கூடு கட்டத் தெரியாது. தரையில் சின்னதாக ஒரு குழி, அதைச் சுற்றி நாலு கல், அவ்வளவுதான் அவள் வீடு. முட்டையும் கல்லைப் போலவே புள்ளி புள்ளியாக இருக்கும்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கரைப்பக்கம் நரி வந்தாலும் சரி, சிறுத்தை வந்தாலும் சரி, விருட்டென்று எழும்பி, ஆற்றுக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துவாள். அந்தச் சத்தம் கேட்டால் மான் ஓடும், முயல் பதுங்கும், காடை புதருக்குள் பாயும். "காதே கிழியுது" என்று மயில் மட்டும் அலுத்துக்கொள்ளும். அலுத்துக்கொண்டே அதுவும் ஓடத்தான் செய்யும்.

இதனால் வயிறு காய்ந்து கிடந்தவன் நரி.

ஒருநாள் பிற்பகல், மஞ்சக்காலி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவன் ஒளியாமல் மறையாமல் நேராகவே வந்தான்.

"கத்தாதே தங்கச்சி, பேசத்தான் வந்தேன். நாலு முட்டை இட்டிருக்கே போலிருக்கு. எந்த இடம்னும் எனக்குத் தெரியும்."

மஞ்சக்காலி பயந்துபோனாள். ஆள்காட்டி என்றால் நாலு முட்டைதான் இடும், இது அந்தக் காட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் பயந்தவளுக்கு அதெல்லாம் அந்த நேரத்தில் தோன்றுமா?

"என்ன வேணும் உனக்கு?" என்றாள்.

"பெரிசா ஒண்ணுமில்லை. நான் வர்றப்போ வாயை மூடிக்கிட்டு உன் முட்டை மேலே உட்கார்ந்திரு. நாலும் உனக்கே."

"கத்தினா?"

"கத்திப் பார், தெரியும்" என்று சொல்லிவிட்டு நரி போய்விட்டான்.

அன்றைக்குப் பிடித்த பயம் மஞ்சக்காலியை விடவே இல்லை. முட்டையை விட்டு அந்தண்டை இந்தண்டை நகரவில்லை. இரை தேடப் போனால் பாதியில் திரும்பி ஓடி வருவாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவாள். எண்ணியதில் நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணுவாள். "முட்டை என்னோடது. முயலும் காடையும் எனக்கு ஒட்டா உறவா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சொன்ன பிறகும் மனசு ஆறவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை, மேட்டை ஒட்டிய புல்லில் சாம்பி என்ற முயல் தன் மூன்று குட்டிகளோடு மேய்ந்துகொண்டிருந்தாள். நாணலுக்குள் நரியின் முதுகு தெரிந்தது. மஞ்சக்காலிக்குத் தொண்டை வரை சத்தம் வந்துவிட்டது. அலகை மார்புக்குள் புதைத்துக்கொண்டு முட்டையின் மேல் இன்னும் அழுந்தி உட்கார்ந்தாள். கண்ணையும் மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது நரி இல்லை. மூன்று குட்டிகளில் இரண்டுதான் இருந்தன.

கொஞ்ச நேரத்தில் சாம்பி மூச்சிரைக்க வந்தாள்.

"அக்கா, என் கடைக்குட்டியைப் பார்த்தியா? இங்கேதான் நின்னான்."

"இல்லை... நான் தூங்கிட்டேன்" என்றாள் மஞ்சக்காலி.

"அப்படியா? நீ கத்தலை. அதனால பயமில்லைன்னு நினைச்சுத் தலையைக் குனிஞ்சு மேய்ஞ்சிட்டேன்" என்றாள் சாம்பி. ஒரு வார்த்தை திட்டவில்லை. குட்டியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபடியே புல்லுக்குள் போய்விட்டாள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. மஞ்சக்காலிக்கு அன்று இரை இறங்கவில்லை. சும்மா இருந்தால் ஒன்றும் செய்யாமல் இருப்பதாகத்தானே அவள் நினைத்தாள்? அவள் சும்மா இருந்ததே, "பயமில்லை, மேய்" என்று சாம்பிக்குச் சொன்னது போல ஆகிவிட்டது. அது பச்சைப் பொய். தன் சத்தத்தை நம்பித்தான் இந்தக் கரையில் ஒவ்வொன்றும் தலையைக் குனிகிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நம்பிக்கையை விட்டால் தன்னிடம் வேறென்ன இருக்கிறது என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்து முட்டைக்குள் டொக், டொக் என்று தட்டும் சத்தம் கேட்டது. குஞ்சுகள் வெளியே வர இன்னும் ஓரிரு நாள்தான். சந்தோஷப்பட வேண்டியவளுக்குப் புதிதாக ஒரு கவலை வந்தது. "இதுங்க வெளியே வந்தா, எந்தச் சத்தத்தை நான் சொல்லிக்கொடுப்பேன்?"

மறுநாள் காலை சாம்பி மிச்சமிருந்த இரண்டு குட்டிகளோடு வந்தாள். பாவம், வேறு எங்கே அப்படிப் புல் கிடைக்கும்? மஞ்சக்காலி வாயை மூடியிருப்பதைப் பார்த்துக் குனிந்து மேய ஆரம்பித்தாள். நாணல் அசைந்தது.

மஞ்சக்காலி நாணலைப் பார்த்தாள். அடியில் நாலு முட்டையும் கதகதவென்று இருந்தன. இதுதான் கடைசியோ என்று நினைத்து அவற்றை ஒரு தடவை அலகால் தொட்டாள்.

பிறகு எழும்பினாள்.

ஆறே அதிரும்படி கத்திக்கொண்டு அக்கரை வரைக்கும் பறந்தாள். சாம்பியும் குட்டிகளும் வளைக்குள் பாய்ந்தார்கள். நரி வெறியோடு சரளைமேட்டுக்கு ஓடினான். மஞ்சக்காலிக்கு உயிரே போய்விட்டது.

ஆனால் நரி முட்டையைத் தாண்டி ஓடினான். திரும்பினான். இந்தக் கல்லை மோந்தான், அந்தக் கல்லைப் புரட்டினான். பத்தடி தள்ளி நின்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

அவனுக்கு இடம் தெரியாது.

மஞ்சக்காலிக்குச் சட்டென்று தெம்பு வந்தது. அக்கரை மணலில் இறங்கி, இறக்கை ஒடிந்தவளைப் போல ஒரு பக்கமாக இழுத்து இழுத்து நடந்தாள். நரி தண்ணீரில் பாய்ந்து துரத்தினான். கிட்டே வந்ததும் ஜிவ்வென்று பறந்து கொஞ்ச தூரத்தில் இறங்கினாள். இப்படியே அவனைக் காட்டின் மறுகோடி வரை இழுத்துக்கொண்டு போய் விட்டாள்.

"இடம் தெரியும்னு சொன்னியே?" என்று கிளையிலிருந்து... இல்லையில்லை, ஆள்காட்டி கிளையில் உட்காராது, ஒரு பாறைமேலிருந்து கேட்டாள்.

நரி நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்: "நீ கத்திக்கிட்டுப் பறந்தா நான் வானத்தைப் பார்ப்பேன். வாயை மூடி ஒரே இடத்தில் உட்கார்ந்தா உன்னைப் பார்ப்பேன். நாணலுக்குள்ளேயிருந்து பாதி இடம் கண்டுபிடிச்சாச்சு. இன்னும் ஒருநாள் நீ உட்கார்ந்திருந்தா மீதியும் தெரிஞ்சிருக்கும்."

மஞ்சக்காலி அங்கிருந்து எழும்பிப் பறந்தாள். திரும்பி வந்து முட்டைகளை எண்ணினாள். நாலும் இருந்தன. அதன் பிறகு வளையின் வாசலுக்குப் போனாள்.

"சாம்பி, அன்னிக்கு நான் தூங்கலை. பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

சாம்பி அவளைப் பார்த்தாள். திரும்பி வளைக்குள் போய்விட்டாள். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. குஞ்சுகள் பொரிந்தன. நாலும் தள்ளாடித் தள்ளாடி நடந்தன. மஞ்சக்காலி மட்டும் நரி வந்தாலும் சிறுத்தை வந்தாலும் தவறாமல் கத்தினாள்.

அதிலிருந்து எட்டாம் நாள் காலையில் சாம்பி வந்தாள். புல்லோரம் நின்று காதை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். கரை அமைதியாக இருந்தது.

அவள் மெல்லத் தலையைக் குனிந்து மேய ஆரம்பித்தாள்.

நீதி: எது பெரிது என்று உன் மனசுக்குத் தெரிகிறதோ, பயம் பிடித்த நாளிலும் அதன்படியே நட.